ஸ்டெப்னி: பேர் வந்த கதை

காரைக்குடி பஞ்சர் கடையில 'ஸ்பேர் வீல்'னு சொல்லிப் பாருங்க, "ஸ்டெப்னியா சார்?"னுதான் திருப்பிக் கேப்பாங்க. அது ஒரு தெருவோட பேர் மக்களே!

ஆரம்பகாலக் கார்கள்ல உபரிச் சக்கரமே கிடையாது. பஞ்சரானா நடுரோட்டுல டயரைக் கழட்டி, ட்யூபை ஒட்டி, கைப்பம்புல காத்தடிக்கணும். 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெல்லியில தாமஸ் மோரிஸ் டேவிஸ்ங்கறவர் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதுமேல காத்தடிச்ச டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழட்டவே வேணாம். அதோட பக்கத்துலயே இதை வச்சு இறுக்கிட்டு ஓட்டிட்டுப் போயிடலாம். அவர் தொழில் நடந்த இடம் ஸ்டெப்னி தெரு. பிறகு சக்கரத்தையே முழுசா கழட்டி மாட்டுற வசதி வந்துச்சு, வளையம் காணாமப் போச்சு. பேர் மட்டும் நம்ம ஊர்லயும் மால்டாவுலயும் தங்கிடுச்சு. இங்கிலாந்துல போய் ஸ்டெப்னின்னா லண்டன்ல ஒரு ஏரியாவைக் காட்டுவாங்க :-)

சாஃப்ட்வேர்க்காரனாப் பார்த்தா டேவிஸ் போட்டது வெறும் பேட்ச். பிரச்சினையோட வேரைப் பிடிச்ச ஆள் நம்ம பக்கத்துலதான் இருந்தார்.

1912-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவுல பஸ் விட்டார். புதுக்கோட்டை அப்போ தனி சமஸ்தானம், காரைக்குடிக்கு அடுத்த ஊர். ரோடு முழுக்க மாட்டுவண்டிங்க. லாடத்துல இருந்து கழண்டு விழுற ஆணிதான் டயருக்கு எமன். நேரத்துக்கு பஸ் வரலைன்னா அடுத்த நாள் சனங்க மாட்டுவண்டிக்கே திரும்பிடுவாங்க. காந்தம் பொருத்தின ஒரு வண்டியை ரோட்டுல ஓடவிட்டு, அந்த ஆணிகளையெல்லாம் பொறுக்க வச்சார்னு சொல்வாங்க.