இந்தியப் பல்கலைக்கழகங்களில் மானிடவியலும் சமூகவியலும்: ஒரு பிரிவினையின் வரலாறு

இந்தியாவில் சமூகவியலும் மானிடவியலும் பல்கலைக்கழகப் பாடங்களாக ஏறக்குறைய ஒரே காலத்தில், நாட்டின் இரு எதிரெதிர்க் கரைகளில் தொடங்கின. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1919இல் சமூகவியலுக்கும் குடிமையியலுக்கும் சேர்த்து ஒரு துறையை ஏற்படுத்தியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கல்கத்தாவில் மானிடவியல் முதுகலைப் பாடமாயிற்று. சாதி, குடும்பம், உறவுமுறை, சடங்கு எனப் பெரும்பாலும் ஒரே பொருளைப் பேசிய இரு துறைகள் நூறாண்டாகத் தனித்தனிக் கட்டடங்களில் இயங்கி வருகின்றன. இந்தப் பிரிவினை ஆய்வுப் பொருளிலிருந்து எழுந்ததைவிட, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் புதிய பாடத்தை எந்தப் பழைய பாடத்தின் அருகில் வைத்தது என்பதிலிருந்தே அதிகம் எழுந்தது.

பல்கலைக்கழகங்களுக்கு முன்பே அரசு இத்துறையில் இறங்கியிருந்தது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து சாதிகளை இன அடிப்படையில் வரிசைப்படுத்த முயன்றார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரான எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். அதே ஆண்டில் கொச்சி சமஸ்தானத்துக் குடிகளைப் பற்றிய முதல் தொகுதியை வெளியிட்டவர் பாலக்காட்டைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர். ஆட்சிக்குப் பயன்படும் தொகுப்புகள் இவை. மக்கள் இவற்றில் பட்டியலாகவும் அளவையாகவும் மட்டுமே வருகிறார்கள். அவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு இவற்றில் இடம் மிகக் குறைவு.

கல்கத்தாவின் துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி மானிடவியல் துறையைத் தொடங்கியபோது, அனந்தகிருஷ்ண ஐயரைத் தெற்கிலிருந்து வரவழைத்தார். பயணம் செய்து, கேட்டறிந்து தானாகவே இத்துறையைக் கற்றுக்கொண்டவர் இந்தியாவின் முதல் மானிடவியல் துறைக்கு ஆசிரியரானார். ராஞ்சியில் வழக்கறிஞராக இருந்துகொண்டே முண்டா, ஓராவோன் மக்களை ஆராய்ந்த சரத் சந்திர ராய் 1921இல் ‘மேன் இன் இந்தியா’ இதழைத் தொடங்கினார். கல்கத்தாவின் பாடத்திட்டத்தில் உடலளவையும் தொல்மாந்தவியலும் பழங்குடிப் பண்பாடும் சேர்ந்தே இருந்தன. இந்த அமைப்பையே பிற மானிடவியல் துறைகளும் பின்பற்றியதால், அத்துறை பல இடங்களில் அறிவியல் புலத்துக்குள் அமர்ந்தது.

பம்பாயில் பாதை வேறு. அங்கே முதல் பேராசிரியரான பாட்ரிக் கெடிஸ் ஸ்காட்லாந்து உயிரியலாளர், நகரமைப்பு வல்லுநர். இந்தப் பதவிக்கு வருமுன்பே மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் பார்வையிட்டு, பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல் சீர்செய்யும் வழிகளை அறிக்கைகளாகத் தந்திருந்தார். அவருடைய பரிந்துரையால் இங்கிலாந்து சென்ற ஜி.எஸ். குர்யே சமஸ்கிருதத்தில் முதுகலை பெற்றவர். லண்டனில் ஹாப்ஹவுஸிடம் சமூகவியல் பயிலத் தொடங்கி, விரைவிலேயே கேம்பிரிட்ஜில் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸிடம் சென்றார். ரிவர்ஸ் நீலகிரித் தோடர்களிடையே களப்பணி செய்து 1906இல் நூல் எழுதியவர். குடிவழி அட்டவணைகளைக் கொண்டு உறவுமுறையை ஆராயும் முறையை வளர்த்தவர். அவர் 1922இல் திடீரென மறைந்த பிறகு, ஏ.சி. ஹாடனின் மேற்பார்வையில் குர்யே ஆய்வை முடித்தார். 1924இல் கெடிஸின் இடத்துக்கு வந்தார். இந்தியச் சமூகவியலின் தந்தை என்று போற்றப்படுபவர் முனைவர் பட்டம் பெற்றது மானிடவியலில் என்பது இந்த வரலாற்றில் தற்செயலான செய்தி அல்ல.

குர்யே 1932இல் வெளியிட்ட சாதி பற்றிய நூல் சமஸ்கிருத நூல்களையும் ரிஸ்லியின் அளவைகளையும் ஒருங்கே ஆராய்ந்தது. மூக்களவையால் சாதிப் படிநிலையை இந்தியா முழுவதற்கும் விளக்க முடியாது என்று அது காட்டியது. 1943இல் குர்யே பழங்குடிகள் குறித்து மானிடவியலாளர் வெரியர் எல்வினுடன் மோதினார். வெளியார் சுரண்டலிலிருந்து பழங்குடிகளைக் காக்க அவர்களுடைய நிலத்தைத் தனியே வேலியிட வேண்டும் என்பது எல்வின் முன்பு எழுதியிருந்த கருத்து. அவர்கள் பின்தங்கிய இந்துக்களே என்றார் குர்யே. எல்வின் கண்ட சுரண்டல் உண்மையானது. குர்யேயின் பதில் பழங்குடிகளின் தனித்த சமயத்தையும் நில உரிமையையும் எளிதாகக் கடந்து சென்றுவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றார்கள். ஐராவதி கார்வே, எம்.என். ஸ்ரீநிவாஸ், மார்க்சியரான ஏ.ஆர். தேசாய் ஆகிய மூவரும் அவருடைய மாணவர்களே.

லக்னோவில் 1921இல் ராதாகமல் முகர்ஜியின் தலைமையில் பொருளாதாரமும் சமூகவியலும் ஒரே துறையாக இருந்தன. 1928இல் அங்கு வந்த டி.என். மஜும்தார் பழங்குடிப் பொருளாதாரத்தைக் கற்பித்தார். மானிடவியல் அங்கே தனித்துறையாக 1950களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சென்னையில் களஆய்வு பொருளாதாரத்தின் வழியாக நுழைந்தது. 1915இல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, சொந்தக் கிராமத்தின் நிலம், கூலி, கடன், பழக்கவழக்கம் ஆகியவற்றை எழுதிவரச் சொன்னார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வட ஆற்காட்டுத் தூசி, திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் விவரங்கள் 1918இல் நூலாயின. பின்னர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுஆய்வு செய்து 1940இல் வெளியிட்டார்கள். பம்பாயில் சமூகவியல் இருக்கை ஏற்படுமுன்பே தொடங்கிய இந்த முயற்சிக்குத் துறை வரலாறுகளில் உரிய இடம் தரப்படவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்து மானிடவியல் துறைக்கு 1949 முதல் 1961 வரை தலைமை வகித்தவர் உமர் ரால்ஃப் எரன்ஃபெல்ஸ். நாஜிகளுக்கு அஞ்சி ஆஸ்திரியாவைவிட்டு வெளியேறி, போர்க்காலத்தில் இந்தியாவில் காவலில் வைக்கப்பட்ட அவர் தாய்வழிச் சமூகங்களையும் கொச்சிக் காடர்களையும் ஆராய்ந்தார்.

இரு துறைகளுக்கும் இடையிலான கோட்டை உண்மையில் அழித்தது 1950களின் கிராம ஆய்வு. மைசூரில் சமூகத் தத்துவம் பயின்று, குர்யேயிடம் முனைவர் பட்டம் பெற்ற ஸ்ரீநிவாஸ் 1945இல் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அங்கே அவருக்கு வழிகாட்டிய ராட்கிளிஃப்-பிரவுன், சமூக மானிடவியல் என்பதே ஒப்பீட்டுச் சமூகவியல்தான் என்ற கருத்துடையவர். 1948இல் மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் ஸ்ரீநிவாஸ் தங்கினார். அதற்கு ராம்புரா என்று புனைபெயர் இட்டார். கூர்க் மக்களைப் பற்றி 1952இல் வெளிவந்த நூலில் ‘சமஸ்கிருதமயமாக்கம்’ என்ற கருத்தை முன்வைத்தார்: தாழ்த்தி வைக்கப்பட்ட சாதி, மேல்சாதியின் சடங்கையும் உணவுமுறையையும் மேற்கொண்டு சில தலைமுறைகளில் மேல்நிலை கோருகிறது. பின்னர் வந்த ‘ஆதிக்கச் சாதி’ என்ற கருத்து நிலமும் எண்ணிக்கையும் அரசியல் பலமும் சேருமிடத்தைக் காட்டியது. நூல்களில் படித்த நால்வருணத்தைக் கொண்டு கிராமத்தை விளக்க முடியாது. களத்தில் தங்கிப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய அடிப்படை நிலை.

தஞ்சைச் சமவெளி இந்த ஆய்வின் முக்கியக் களமாயிற்று. பிரிட்டிஷ் மானிடவியலாளர் கேத்லீன் காஃப் 1950களின் தொடக்கத்தில் அங்கு பணிபுரிந்தார். தஞ்சைக்கு வெளியே, பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949-50இல் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளரிடையே வாழ்ந்து 1957இல் பிரெஞ்சில் நூல் வெளியிட்டார். ஆந்த்ரே பெத்தேய் கல்கத்தாவில் மானிடவியல் பயின்று, டெல்லியில் சமூகவியல் ஆசிரியரானவர். அவர் 1960களின் தொடக்கத்தில் தஞ்சையில் ‘ஸ்ரீபுரம்’ என்று பெயரிட்ட ஊரில் ஆராய்ந்து 1965இல் எழுதிய நூல், சாதியும் நிலவுடைமையும் அரசியல் அதிகாரமும் முன்பு ஒரே கையில் குவிந்திருந்ததையும், அவை ஒன்றிலிருந்து ஒன்று விலகத் தொடங்கியதையும் காட்டுகிறது. அந்நூல் மானிடவியலா சமூகவியலா என்ற கேள்விக்குப் பொருளே இல்லை.

இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் துறை எல்லையைத் தாண்டும் இதே போக்கு நிகழ்ந்தது. அங்கு சமூகவியல் கற்பித்த அமெரிக்கரான பிரைஸ் ரயன் இலங்கைச் சாதியமைப்பு பற்றி 1953இல் நூல் வெளியிட்டார். அங்கு பயின்ற இலங்கைத் தமிழரான எஸ்.ஜே. தம்பையா 1954இல் கார்னெல்லில் முனைவர் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜ், சிகாகோ, ஹார்வர்டு ஆகிய இடங்களில் மானிடவியலாளராகவே உலகப்புகழ் அடைந்தார்.

இந்த வரலாற்றில் பெரும் விடுபடல் ஒன்று உண்டு. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், அம்பேத்கர் சாதியின் தோற்றம் பற்றிய கட்டுரையை வாசித்தார். அடுத்த ஆண்டு அது இந்தியாவில் அச்சாயிற்று. அகமணமே சாதியின் சாரம், அதைக் காக்கவே உடன்கட்டையும் கட்டாய விதவை நிலையும் குழந்தை மணமும் எழுந்தன என்ற அதன் வாதம், பெண்களின் மீதான கட்டுப்பாட்டையும் சாதியையும் ஒரே அமைப்பாகக் கண்டது. குர்யேயின் நூலுக்கு 16 ஆண்டு முந்தையது இது. ஆயினும் இந்தியத் துறைகள் நெடுங்காலம் அம்பேத்கரை அரசியல் தலைவராக மட்டுமே பார்த்து, பாடத்திட்டத்துக்கு வெளியே நிறுத்தின. 1990களில் தலித் இயக்கங்களின் எழுச்சியும் பெண்ணிய ஆய்வும் வலுப்பெற்ற பிறகே இக்கட்டுரை வகுப்பறையில் பரவலாக இடம்பெற்றது.

நிறுவனங்களோ இரு துறைகளுக்கும் இடையிலான பழைய கோட்டை அப்படியே வைத்திருக்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1947இல் தோன்றிய மானிடவியல் துறை அறிவியல் புலத்தைச் சேர்ந்தது. 1959இல் ஸ்ரீநிவாஸ் தொடங்கிய சமூகவியல் துறை டெல்லி பொருளாதாரப் பள்ளியில் இருக்கிறது. மத்தியக் குடிமைப் பணித் தேர்வில் இரண்டும் தனித்தனி விருப்பப் பாடங்கள். சாதியும் கிராமமும் பழங்குடியும் இரண்டு வினாத்தாள்களுக்கும் பொதுவானவை.