வெள்ளை கேன்வாஸும் கொள்ளிடக்கரை ஓட்டமும்

கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் மகளுக்கு என்ன ஷூ வாங்கலாம் என்று ஸ்ரீரங்கத்தில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். "எத்தியோப்பியாக்காரர் வெறுங்காலில் ஓடியே ஜெயிச்சாரே, ஷூ எதுக்கு?" என்கிறாராம் வீட்டுப் பெரியவர்.

அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றது உண்மைதான். ஆனால் அப்போது கிடைத்த ஷூ அவர் காலுக்குச் சரிப்படவில்லை. 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் வென்றார். அதுவும் குடல்வால் அறுவை முடிந்த சுமார் ஐந்து வாரத்தில்! இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நாம் பி.டி. பீரியடுக்குப் போட்ட வெள்ளை கேன்வாஸ், 1936-இல் பாட்டா கம்பெனி இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த 'டென்னிஸ்' ஷூவின் வாரிசு. மலிவு, உழைக்கும். ஆனால் தட்டையான அடி. மழை பெய்த கொள்ளிடக்கரையில் வழுக்கும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மேன். 1970-களின் தொடக்கத்தில், மனைவியின் வாஃபிள் சுடும் இரும்பு அச்சில் ரப்பர் போன்ற கலவையை ஊற்றினார். அச்சு ஒட்டிப் பாழானது. (அந்த அம்மாள் என்ன சொன்னாரோ!) மண்ணைப் பிடிக்கும் குமிழ் அடி அப்படிப் பிறந்தது, 1974-இல் காப்புரிமையும் கிடைத்தது.

ஆகவே தம்பி, குமிழ் அடிக்கும் சரியான அளவுக்கும் காசு கொடு. பளபளப்புக்குக் கொடுக்காதே. மெயின்கார்டு கேட் பக்கம் சாயங்காலமாகக் கூட்டிப் போ. பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் காலுறையோடு போட்டுப் பார்க்கட்டும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.