ஊழியம்: ஒரு சொல்லும் அன்றாட வேலையும்

டொரொண்டோவில் காலைத் தேநீரோடும், லண்டனில் பிற்பகலிலும், சிட்னியில் நள்ளிரவில் தூக்கத்தைத் தள்ளிவைத்தும் இந்த உரையைக் கேட்கிற நண்பர்களுக்கு நன்றி.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'ஊழியம்'. புலம்பெயர்ந்த நாடுகளில் எந்தத் தமிழ்ச் சபைக்குப் போனாலும் இந்தச் சொல் காதில் விழும். "அவர் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிட்டார்" என்பார்கள். அப்படியென்றால் வேலை வேறு, ஊழியம் வேறு. பேருந்து ஓட்டுவதும், முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றுவதும், உணவகத்தில் கோப்பை கழுவுவதும் வேலை. பிரசங்கம் செய்வதும் ஜெபக்கூட்டம் நடத்துவதும் ஊழியம். முதலாவதற்குச் சம்பளம் உண்டு, இரண்டாவதற்கு அர்த்தம் உண்டு என்பது போன்ற ஒரு பிரிவினை.

நான் பிரசங்கம் செய்ய வரவில்லை. இந்தப் பிரிவினையைக் கிறித்தவ மரபே உள்ளிருந்து பலமுறை கேள்வி கேட்டிருக்கிறது. அந்த வரலாற்றில் நான்கு இடங்களில் மட்டும் நின்று பார்க்கலாம்.

முதல் இடம் இத்தாலியின் மான்டே கசினோ, ஆறாம் நூற்றாண்டு. அங்கே பெனடிக்ட் தன் துறவிகளுக்காக 73 சிறு அத்தியாயங்கள் கொண்ட ஓர் ஒழுங்குநூலை எழுதினார். பண்டைய ரோமானிய உலகில் கைவேலை பெரும்பாலும் அடிமைகளின் பங்கு. ஓய்வும் படிப்பும் பிரபுக்களின் பங்கு. பெனடிக்ட் இரண்டையும் ஒரே மனிதரின் ஒரே நாளுக்குள் வைத்தார். சமையலறை வேலை வாரமுறையில் எல்லாத் துறவிகளுக்கும் வந்தது. ஒருவர் தன் வாரத்தை முடிக்கும்போது அவரும் அடுத்து வருகிறவரும் சேர்ந்து எல்லோருடைய கால்களையும் கழுவ வேண்டும். மடத்தின் பண்டசாலையைப் பார்த்துக்கொள்பவருக்கு அவர் சொன்ன விதி இன்னும் வியப்பானது. மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் அவர் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலவே கருத வேண்டும். மண்வெட்டிக்கும் திருப்பலிக் கிண்ணத்துக்கும் நடுவே இருந்த சுவர் அங்கே மெலிந்துபோகிறது. ஆனால் இதெல்லாம் மடத்தின் மதிலுக்குள்தான்.

மதிலுக்கு வெளியே இருந்தவர்களிடம் இதைக் கொண்டுபோனவர் மார்ட்டின் லூத்தர். இரண்டாவது இடம், 1520களின் ஜெர்மனி. அன்று 'இறை அழைப்பு' என்றால் குருவாகவோ துறவியாகவோ போவது என்றே பெரும்பாலும் பொருள். ஜெர்மன் மொழியில் அதைக் குறித்த சொல் 'பெரூஃப்'. லூத்தர் தன் வேதாகம மொழிபெயர்ப்பிலும் எழுத்துகளிலும் அந்தச் சொல்லை உழவருக்கும், செருப்புத் தைப்பவருக்கும், வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் உரியதாக்கினார். இன்று ஜெர்மனியில் வாழும் நம் நண்பர்கள் ஏதாவது விண்ணப்பப் படிவத்தில் 'பெரூஃப்' என்ற கட்டத்தை நிரப்பியிருப்பார்கள். தொழில் என்ற பொருளில் அங்கே நிற்கிற அந்தச் சொல்லுக்குள் 'அழைப்பு' என்ற பழைய பொருள் உறங்குகிறது. மாக்ஸ் வெபர் 1904, 1905 ஆண்டுகளில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் இந்தச் சொல்லின் பயணத்துக்குத் தனி இடம் தந்தார்.

1522இல் திருமணம் பற்றி எழுதிய நூலில் லூத்தர் ஒரு தகப்பனைக் காட்டுகிறார். அவன் குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கிறான். ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. கடவுளும் புன்னகைக்கிறார், ஆனால் கேலியாக அல்ல, மகிழ்ச்சியாக. ஏனென்றால் அவன் அதை நம்பிக்கையோடு செய்கிறான். 500 ஆண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால் இந்த அழகான கருத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1525இல், தென்ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளைப் பன்னிரண்டு அம்சங்களாக வெளியிட்டார்கள். கிறிஸ்து எல்லோரையும் மீட்டிருக்கிறார், பிறகு நாங்கள் எப்படிப் பண்ணையடிமைகளாக இருக்க முடியும் என்பது அவற்றில் ஒன்று. லூத்தர் முதலில் பிரபுக்களையும் கண்டித்தார். கலகம் வெடித்தபோது கலகக்காரர்களை இரக்கமின்றி அடக்கச் சொல்லிக் கடுமையாக எழுதினார். பல்லாயிரம் விவசாயிகள் கொல்லப்பட்டார்கள். 'உன் வேலை புனிதமானது' என்ற வாக்கியம் எவ்வளவு எளிதாக 'உன் இடத்திலேயே கிட' என்று மாறிவிடக்கூடும் என்பதற்கு இதுவே சாட்சி. அழைக்கப்பட்ட நிலையிலேயே இரு என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல், அடுத்த வரியிலேயே அடிமையைப் பார்த்து, விடுதலையாக முடியுமானால் அதைப் பயன்படுத்திக்கொள் என்றும் எழுதினார் என்றே பலர் அதை வாசித்திருக்கிறார்கள். முதல் வரி நினைவில் நின்ற அளவுக்கு இரண்டாம் வரி நிற்கவில்லை.

மூன்றாவது இடம் பாரிஸ், 1640. நிக்கோலா எர்மான் என்பவர் வோஜிரார் தெருவிலிருந்த கார்மல் மடத்தில் சேர்ந்தார். லொரெய்ன் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயம்பட்டவர். பிறகு ஒரு பெரிய வீட்டில் ஏவலாளாக இருந்தார். கை தவறி எதையாவது உடைத்துக்கொண்டே இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மடத்திலும் அவர் குருவாகவில்லை. பொதுநிலைச் சகோதரராக, லாரன்ஸ் என்ற பெயரோடு, சமையலறைக்கு அனுப்பப்பட்டார். சுமார் பதினைந்து ஆண்டுகள் அங்கே இருந்தார். கால் முடியாமல் போன பிறகு செருப்புத் தைக்கும் வேலை.

நமக்கு முக்கியமான செய்தி, அவருக்குச் சமையலறை வேலை இயல்பிலேயே பிடிக்காது என்பதுதான். பிடித்ததைச் செய், அர்த்தம் தானாக வரும் என்று இன்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். லாரன்ஸின் அனுபவம் அதற்கு நேர் எதிர். வேலை மாறவில்லை, அது யாருக்காக என்பது மாறியது. சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப்போடுவதைக்கூடக் கடவுள்மீதுள்ள அன்புக்காகச் செய்தார். ஜெப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் அவர் வேற்றுமை பார்க்கவில்லை. நாலு பேர் நாலு பக்கம் நின்று நாலு விதமாகக் கேட்கிற சமையலறை இரைச்சலிலும், ஆலயத்தில் முழங்காலிட்டிருக்கும்போது உள்ள அமைதி தமக்கு இருந்ததாகச் சொன்னார். 1666 முதல் அவரைச் சந்தித்துப் பேசிய குரு ஜோசப் தெ போஃபோர், 1691இல் லாரன்ஸ் இறந்தபின் அந்தப் பேச்சுகளையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார். இன்று அந்தச் சிறுநூலைக் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் ஒருசேர வாசிக்கிறார்கள்.

லாரன்ஸ் அந்த வாழ்வைத் தாமே தேர்ந்துகொண்டவர். தேர்ந்துகொள்ள வழியே இல்லாதவர்களின் கதி என்ன? இந்தக் கேள்விதான் நம்மை நான்காவது இடத்துக்கு, நம் மொழி வழங்கும் மண்ணுக்கு, அழைத்துவருகிறது.

19ஆம் நூற்றாண்டின் தென் திருவிதாங்கூர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அங்கே 'ஊழியம்' என்றால் கூலியில்லாக் கட்டாய உழைப்பு. நாடார்களும் அவர்களைவிடவும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அரசுக்காகச் சுமை தூக்கினார்கள், கேட்ட பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மறுக்க முடியாது. 1810களில் கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இதிலிருந்து விலக்கு கிடைத்தது. தமிழ் வேதாகமத்தில் இறைத்தொண்டைக் குறிக்கும் சொல்லும் ஊழியம்தான். ஒரே சொல், ஒரு பக்கம் முதுகில் சுமை, மறுபக்கம் மனத்தின் விடுதலை.

1819இன் இறுதியில் லண்டன் மிஷன் சார்பாகச் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். மடியில் ஒரு தலையணை, அதில் குத்திய ஊசிகள், நூல் சுற்றிய சிறு கட்டைகள். மிகப் பொறுமை வேண்டிய வேலை. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியச் சீமாட்டிகள். வருமானத்தில் ஒரு பங்கு மிஷன் பள்ளிக்கும் போனது. இதில் வணிகமும் மேலாதிக்கமும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண்களின் கையில் காசு வந்தது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்த பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை அரசு ஏற்றது 1859இல். சட்டம் வருவதற்கு முன்பே ஒரு நூல்கட்டை சிலருக்கு வழி திறந்துவிட்டது.

இந்த நான்கு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. எந்த வேலையும் இறைவனுக்கு முன் சிறியதல்ல என்பது கிறித்தவ மரபு உலகுக்குத் தந்த பெரிய கருத்துகளில் ஒன்று. ஆனால் அதை யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். லாரன்ஸ் தன் சட்டியைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது அது அவரை நிமிர வைத்தது. பிரபு தன் பண்ணையடிமையிடம் சொன்னபோது அது விலங்காயிற்று. வேலைக்கு அர்த்தம் கொடுக்கும் உரிமை, அந்த வேலையைச் செய்கிறவருக்கே உரியது.

நம்மில் பலர் ஊரில் படித்த படிப்பு ஒன்று, இங்கே செய்கிற வேலை வேறு. கோப்பை கழுவிய கைகள்தான் தங்கைகளைக் கரைசேர்த்தன, ஊரில் வீடு கட்டின, இங்கே பிள்ளைகளைப் படிக்கவைத்தன. ஆனாலும் அந்த ஆண்டுகளைப் 'போன காலம்' என்றே பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவை போன காலமல்ல. அதே சமயம், இரவு வேலைக்குரிய கூலியைக் குறைத்துக் கொடுக்கிற முதலாளி 'உழைப்பே வழிபாடு' என்று சொன்னால், அவரிடம் மெம்மிங்கன் விவசாயிகளைப் பற்றிப் பேசலாம்.

இனி உங்கள் கேள்விகளுக்குப் போகலாம்.