பழமும் விடியலும்

ஒருவரைப் 'பழுத்தவர்' என்றால் நமக்கு நரைத்த தலைதான் நினைவுக்கு வருகிறது. நிதானம், அநுபவம், கொஞ்சம் தள்ளாமை எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இத்தாலியர் இதற்கு 'மத்தூரோ' என்கிறார்கள். பழத்துக்கும் அதே சொல், மனிதருக்கும் அதே சொல். கனிந்த தன்மைக்குப் பெயர் 'மத்துரித்தா'. ஆனால் அதன் வேரைத் தேடிப் போனால், நாம் போய்ச் சேருமிடம் அந்திப் பொழுது அல்ல, விடியற்காலை!

தாய்ச்சொல் லத்தீனில் உள்ள 'மாத்தூருஸ்'. ரோமானியரின் விடியல் தேவதையான மாத்தூத்தாவும், காலைப் பொழுதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லான 'மத்தீனோ'வும் இதற்கு உறவு என்கிறார்கள் மொழிநூலார். ரோம் நகரத்து மாட்டுச் சந்தையில் அந்தத் தேவதைக்குக் கோயில் இருந்தது. ஜூன் 11-ஆம் நாள் தாய்மார்கள் அவளுக்கு விழா எடுத்து, உடன்பிறந்தாளின் குழந்தைகளுக்காக வேண்டிக்கொள்வார்களாம்.

பழத்துக்கும் விடியலுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் உரிய வேளையில் வருபவை. அவ்வளவுதான். கி.மு. முதல் நூற்றாண்டில், சிசரோவின் நண்பரான நிகிதியுஸ் ஃபிகுலுஸ் இதை அழகாக விளக்கினார். பச்சைக் காயும் அல்ல, அழுகி உதிர்வதும் அல்ல. தன் காலத்தில் கனிந்தது எதுவோ அதுவே 'மாத்தூருஸ்' என்றார். சுமார் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஆலுஸ் கெல்லியுஸ் இதை நினைவூட்டி, தம் காலத்து மக்கள் அந்தச் சொல்லை வெறும் 'சீக்கிரம்' என்ற பொருளில் வழங்குவதைச் சுட்டிக் காட்டினார். அவசரக்காரர்கள் எக்காலத்திலும் உண்டு போலும்!

பின்னர் தராசு மறுபக்கம் சாய்ந்தது. 'கனிந்த வயது' என்றால் இத்தாலியிலும் இளமை கடந்த வயது என்றாகிவிட்டது. ஆயினும் பழைய பொருள் ஓரிடத்தில் ஒளிந்திருக்கிறது. 1923-இல் கல்வி அமைச்சர் ஜொவான்னி ஜென்தீலேயின் சீர்திருத்தத்தில், உயர்பள்ளியின் இறுதித் தேர்வுக்கு 'மத்துரித்தா' என்று பெயர் வந்தது. 1997-இல் சட்டம் அதை 'அரசுத் தேர்வு' ஆக்கியது. மக்களின் நாக்கு மாறவில்லை. 2025-இல் சட்டமே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது.

18, 19 வயதில் கனிவா என்று சிரிக்கத் தோன்றுகிறது. நிகிதியுஸை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. வேளை வந்தபோது அதற்குத் தகுதியாக நிற்பதுதான் கனிவு என்றால், அதை வயதைக் கொண்டு அளக்க முடியாது. நாற்பதைக் கடந்த என் போன்றவர்களுக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான். காத்திருந்தால் தானாகப் பழுத்துவிடுவோம் என்று நம்பி இருக்கிறோம். காத்திருந்தே உதிர்ந்துபோனதை அவர் பழமென்று ஒப்புக்கொள்ளவில்லையே!