குரத்தியர்: தமிழகச் சமணத்தில் பெண் ஆசிரியர்கள்

தமிழகச் சமணக் கல்வெட்டுகளில் பயிலும் 'குரத்தி' என்னும் சொல்லுக்குப் 'பெண் துறவி' என்று பொருள் எழுதிக் கடந்து செல்லும் வழக்கம் ஆய்வுலகில் நிலவுகிறது. 'குரு', 'குரவர்' என்பவற்றோடு உறவுடைய இப்பெண்பாற் சொல் ஆசிரியையைக் குறிப்பது. துறவி என்று சுருக்கும்போது அவர்களது நோன்பு எஞ்சுகிறது. ஆசிரியப் பொறுப்பு மறைந்துவிடுகிறது.

கழுகுமலையில் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களின் கீழ், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்திகள், திருப்பருத்திக் குரத்திகள் ஆகியோர் அங்குத் தம் ஊர்ப்பெயராலேயே சுட்டப்படுகின்றனர். மம்மைக் குரத்தியின் மாணாக்கியாக அரிட்டநேமிக் குரத்தி குறிக்கப்படுவது இன்னும் கருதத்தக்கது. ஆசிரிய மரபு ஒரு பெண்ணிடமிருந்து மற்றொரு பெண்ணுக்குச் சென்றதற்கு அது நேர்ச்சான்று. ஆண் ஆசிரியர்களிடம் பயின்ற குரத்தியரும் உளர். சிதறால் எனப்படும் திருச்சாரணத்து மலையில், ஆய் மன்னன் விக்கிரமாதித்ய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் பொன் அணிகலன் அளித்த குணந்தாங்கிக் குரத்திகள், பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியார்.

தமிழகத்தில் மேலோங்கியிருந்த திகம்பரப் பிரிவின் கொள்கைப்படி, பெண் அப்பிறவியிலேயே வீடுபேறு அடைதல் இயலாது. கொள்கை மறுத்த தகுதியும் நடைமுறை வழங்கிய மதிப்பும் ஒரே சமயத்துள் அருகருகே இருந்துள்ளன. நூல்களை மட்டும் கொண்டு சமணப் பெண்களின் நிலையை எழுதினால் இம்முரண் புலப்படாது. சிலப்பதிகாரக் கவுந்தியடிகளைப் புலவரின் கற்பனை என ஒதுக்குவோரும் இக்கல்வெட்டுகளை எதிர்கொண்டாக வேண்டும்.

முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த விளாப்பாக்கக் கல்வெட்டு, திருப்பான்மலை அரிஷ்டநேமி படாரரின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தியடிகள் கிணறு அமைத்ததைக் கூறுகிறது. 'பெண்பள்ளி' என்னும் சொல்லும் அதில் இடம்பெறுகிறது. அதற்கு முற்பட்டதும், முதலாம் ஆதித்தனின் 14ஆம் ஆட்சியாண்டினதாகக் கருதப்படுவதுமான வேடல் கல்வெட்டு ஒரு பிணக்கைப் பதிந்துள்ளது. ஐந்நூற்றுவர், நானூற்றுவர் என இரு தரப்பினரிடையே பூசல் எழுந்தது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியார் இப்பூசலின் நடுவில் இருந்தவர். அவரையும் அவரைச் சார்ந்தோரையும் காத்து உணவளிப்பதாக அவ்வூர்ச் சமண இல்லறத்தார் உறுதியளித்தனர். நூற்றுக்கணக்கானோர் சம்பந்தப்பட்ட பூசலில் ஊரார் கல்லில் வெட்டிக் காக்க முன்வந்த ஒருவரை, வெறும் நோன்பாளர் என்று கொள்ள இடமில்லை.