பல்லக்கு, தேர், கார்: சாவி யாரிடம்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருத்துவராக இருக்கும் என் தோழி மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெர்மன் சொகுசுக் கார் வாங்கினாள். பணம் அவளுடையது, கடனும் அவள் பெயரில். துணைக்குத் தம்பியை அழைத்துப் போயிருக்கிறாள். விற்பனையாளர் ஒரு மணி நேரம் தம்பியின் முகத்தைப் பார்த்தே பேசினாராம். “சாருக்கு எந்தக் கலர் பிடிச்சிருக்கு?” என்று கேட்டாராம். தம்பிக்கு அப்போது ஓட்டுநர் உரிமம்கூடக் கிடையாது.

சென்ற மார்கழியில் ஆருத்ரா தேரோட்டம் பார்க்க அந்தக் காரில் சிதம்பரம் போனோம். சுமார் 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம் தாண்டியதும், “அப்படி என்னதான் இருக்கு இந்தக் காருல?” என்று கேட்டேன். கதவு மூடும்போது வெளிச்சத்தம் அறுந்துபோவதைச் சொன்னாள். இருக்கை முதுகைத் தாங்குவதையும், மிதித்தவுடன் வண்டி சீறுவதையும் சொன்னாள். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டிவிட்டு, “ஹார்ன் அடிக்காமலே வழி விடறாங்க. என்னைப் பார்த்து இல்ல, காரைப் பார்த்து” என்றாள்.

வரலாறு படித்தவளுக்கு இந்தக் கடைசிப் பதில்தான் பிடிபட்டது. ஊர்தி என்பது நம் ஊரில் போய்ச்சேர்வதற்கு மட்டும் இருந்ததில்லை. யாருக்கு யார் ஒதுங்க வேண்டும், யார் மேலே உட்காரலாம், யார் சுமக்க வேண்டும் என்பதையும் அது ஊருக்குச் சொல்லிக்கொண்டே போகும். அந்தச் செய்தி கடலூர் மாவட்டத்தின் பழைய கதைகளிலேயே கிடைக்கிறது.

திட்டக்குடிப் பக்கம் இருக்கும் திருவட்டத்துறையின் பழம்பெயர் அரத்துறை. பெண்ணாகடத்திலிருந்து கால் நோக நடந்துவந்த ஞானசம்பந்தருக்கு இங்கேதான் முத்துச் சிவிகை கிடைத்தது என்கிறது பெரியபுராணம். இறைவன் ஊர்ப் பெரியவர்கள் கனவில் வந்து, சிவிகையையும் குடையையும் ஊதுகின்ற சின்னத்தையும் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்கிறார். ஏறிச் செல்லும் பல்லக்கோடு, தூரத்திலிருந்து தெரியும் குடையும் வருகிறார் என்று முன்னறிவிக்கும் ஊதலும் சேர்ந்தே வருகின்றன. அந்தப் பயணத்தில் சம்பந்தரோடு யாழ்ப்பாணரும் அவருடைய துணைவி, விறலி மதங்கசூளாமணியாரும் இருந்தார்கள். பாட்டும் யாழும் இல்லாமல் அந்தப் பயணம் இல்லை. ஆனாலும் சிவிகை ஒன்றுதான் வந்தது. பாணர் குலத்துப் பெண்ணின் கால்வலி யார் கனவிலும் வரவில்லை.

இதே மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர், பிறகு திருப்பூந்துருத்தியில் அந்தச் சிவிகையைத் தூக்குகிறவர்களில் ஒருவராகத் தோள் கொடுத்தார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, கீழிருந்து பதில் வந்ததும் அவர் பதறி இறங்குகிறார். பக்திக் கதையாக இது உருக்கமானது. தூக்குகிறவரின் பெயர் தெரிந்தவுடன் மேலே உட்கார முடியாமல் போகிறது என்றும் இதை வாசிக்கலாம். அப்பரை வளர்த்து ஆளாக்கிய அக்கா திலகவதியார் திருவதிகைக் கோயிலில் திருவலகு பிடித்துக் கூட்டினார். அவருடைய கதையில் ஊர்தி எதுவும் இல்லை.

பல்லக்கின் பெருமையைச் சிதம்பரமே கேலி செய்த கதையும் உண்டு. தீட்சிதர் குலத்து உமாபதி சிவம் பூசை முடித்து, பகலிலேயே தீவட்டி பிடிக்கப் பல்லக்கில் வீடு திரும்புகிறார். தெருவிலிருந்த மறைஞானசம்பந்தர் அதைப் பார்த்து, செத்த மரத்தின் மேல் பகல் குருடு போகிறது என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறார். உமாபதி இறங்கி அவர் பின்னால் நடந்துபோனார். பகல் வெளிச்சத்திலும் முன்விளக்கு எரிய வரும் இன்றைய சொகுசுக் கார்களைப் பார்க்கும்போது அந்தத் தீவட்டி எனக்கு நினைவுக்கு வரும்.

கம்பெனி காலத்திலும் இந்த இலக்கணம் மாறவில்லை. 1690இல் ஆங்கிலேயர் கடலூரில் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கினார்கள். வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். அங்கே துய்ப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு, கவர்னர் மாளிகை வளாகத்துக்குள்ளேயே பல்லக்கில் போகும் உரிமை தனி மரியாதையாக வழங்கப்பட்டிருந்தது. 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், யாருக்கு என்ன மரியாதை, யாருக்கு எத்தனை குண்டு முழக்கம் என்ற கணக்கு திரும்பத் திரும்ப வரும். பல்லக்கு விலைகொடுத்து வாங்கும் பொருள் மட்டும் அல்ல, ஏற அனுமதி வேண்டும். இன்றைக்கு அந்த அனுமதியை வங்கி தருகிறது.

இந்த மரியாதைக் கணக்கில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? வசதியான வீடுகளில் திரைபோட்ட பல்லக்கிலும் கூண்டு வண்டியிலும் இருந்தார்கள். வண்டி எவ்வளவு உயர்ந்ததோ, திரை அவ்வளவு கெட்டி. உள்ளே இருப்பவள் வெளியே தெரியாமல் போவதுதான் குடும்பத்துக்கு கௌரவம். உழைக்கும் பெண்களுக்குத் திரையும் இல்லை, வண்டியும் இல்லை. அவர்கள் கூடையோடு நடந்தார்கள்.

அந்தத் திரையையே ஆயுதமாக்கிய ஒருவர் கடலூர் முதுநகரில் இருந்தார். 1890இல் பிறந்த அஞ்சலையம்மாள், 1927இல் சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரிய சத்தியாகிரகத்தில் மகள் அம்மாக்கண்ணுவோடு சிறை சென்றவர். காந்தி கடலூர் வந்தபோது அஞ்சலையம்மாளைச் சந்திக்க அரசு தடை விதித்தது. அவர் பர்தா அணிந்து குதிரை வண்டியில் ஏறி, போலீஸ் கண்முன்னாலேயே போய்க் காந்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார் என்று சொல்வார்கள். தென்னாட்டு ஜான்சி ராணி என்று காந்தி அவரை அழைத்தது அதனால்தான் என்பது கடலூரில் வழங்கும் கதை. வண்டிக்குள் இருக்கும் பெண்ணை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது என்ற வழக்கத்தை அவர் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார். அன்று வண்டி எங்கே போக வேண்டும் என்று சொன்னது உள்ளே இருந்த பெண்.

காரின் வரலாற்றுக்கு வருவோம். ‘பென்ஸ் கார்’ என்பது தமிழில் செல்வத்துக்கே மறுபெயர் போல ஆகிவிட்ட சொல். அந்தப் பெயருக்குப் பின்னால் பெர்தா பென்ஸ் இருக்கிறார். கார்ல் பென்ஸைத் திருமணம் செய்வதற்கு முன்பே, தனக்கு வரவேண்டிய சீர்ப்பணத்தை வாங்கி அவருடைய பட்டறையில் போட்டவர் அவர். மணமானதும் அந்த முதலீட்டின் மீது அவருக்கிருந்த சட்ட உரிமை போயிற்று. 1886இல் காருக்கான காப்புரிமை கணவர் பெயரில் வந்தது. வண்டியை வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் பெர்தா கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியைச் செலுத்திப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். தேய்ந்துபோன பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். காரில் நெடுந்தூரம் போக முடியும் என்று உலகுக்குக் காட்டிய முதல் பயணம் அதுதான்.

‘மெர்சிடிஸ்’ என்பதும் ஒரு சிறுமியின் பெயர். டைம்லர் கார்களை விற்ற எமில் யெலினெக் தன் மகளின் பெயரை வண்டிக்கு வைத்தார். 1926இல் இரண்டு நிறுவனங்களும் இணைந்தபோது பெயர்களும் இணைந்தன. உலகின் புகழ்பெற்ற சொகுசுக் காரின் பெயரில் ஒரு மகளும், அந்தக் காருக்கு முதல் பணம் கொடுத்த ஒரு மனைவியின் உழைப்பும் இருக்கின்றன.

பெர்தாவின் சீர்ப்பணத்தைப் படித்தபோது நம் ஊர்க் கல்யாண மண்டபங்களின் வாசல் என் கண்ணில் வந்தது. ரிப்பன் கட்டிய புதுக் கார், பக்கத்தில் மாப்பிள்ளை நின்று எடுத்துக்கொள்ளும் படம். 1961இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. 2021 ஜூனில் கேரளத்தின் கொல்லம் பகுதியில் திருமணமாகி ஓராண்டான ஒரு மாணவி உயிரிழந்தார். சீராகத் தந்த கார் கணவனுக்குப் பிடித்த ரகமாக இல்லை என்பது அவர் பட்ட கொடுமையின் காரணங்களில் ஒன்று. 2022 மே மாதம் நீதிமன்றம் அந்தக் கணவனுக்குப் பத்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

சொகுசுக் கார் அதன் சொந்தக்காரருக்கு ஏன் தனி மகிழ்ச்சி தருகிறது என்ற கேள்வியை நான் இங்கே நிறுத்திக் கேட்க விரும்புகிறேன். யார் அந்தச் சொந்தக்காரர்? பெண்ணுக்குச் சீராக வந்தது அவளுடைய ஸ்திரீதனம், கணவனுக்கோ மாமியாருக்கோ அதில் பங்கில்லை என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரதட்சணையை வேறு யார் வாங்கியிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது வரதட்சணைத் தடைச் சட்டத்தின் ஆறாவது பிரிவு. சட்டத்தின்படி பார்த்தால் மண்டப வாசலில் நிற்கும் அந்தக் கார் மணமகளுடையது. சாவிதான் அவளிடம் இல்லை.

உரிமை ஏட்டில் இருந்தும் இருக்கை கிடைக்காத கதைக்கு நாங்கள் போன சாலையிலேயே சாட்சி உண்டு. பி. முட்லூரில் மேற்கே திரும்பினால் புவனகிரி. அந்த வட்டாரத்துத் தெற்குத் திட்டை ஊராட்சிக்கு 2020இல் தலைவராக இருந்தவர், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண். கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க அவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கானது. ஓட்டு வாங்கி வென்றவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மறுக்கப்படும் இடத்தில், வண்டியின் உயரமும் இருக்கையின் தோலும் வெறும் வசதிச் சமாச்சாரம் ஆகிவிடாது.

பெண்களின் பயணத்தைச் சொகுசுக் கார் பெரிதாக மாற்றிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும், பள்ளி மாணவிகளுக்கு வந்த இலவச சைக்கிளும், 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லா நகரப் பேருந்தும்தான் மாற்றின. கடலூர்ப் பேருந்து நிலையத்தில் காலையில் மீன் விற்று முடித்துத் திரும்பும் பெண்கள் ஜன்னலோர இருக்கைக்கு முந்துவதைப் பார்த்தால் தெரியும், அந்தப் பயணத்துக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

சிதம்பரத்தில் வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். கீழ வீதிக்கு ஆங்கில முகவரியில் இன்றும் ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட் என்றே பெயர். தேரைத்தான் வெள்ளைக்காரர்கள் ‘கார்’ என்றார்கள். ஐந்து தேர்களில் சிவகாமியம்மன் தேரின் வடத்தைப் பெண்கள் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். தோழியும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் வடத்தைப் பிடித்தாள். உள்ளங்கை சிவந்துவிட்டது.

திரும்பும்போது, கை எரிகிறது என்று சொல்லிச் சாவியை என்னிடம் நீட்டினாள். எனக்கு உரிமம் வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டுக் காரின் ஆர்.சி.யில் இருப்பது என் பெயர், தவணை போவது என் சம்பளத்தில். ஆனாலும் வெளியூர் என்றால் கணவர்தான் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாட்டர் பாட்டில் எடுத்துக் கொடுப்பேன். அப்படியே பழகிவிட்டது. வெள்ளாற்றுப் பாலம் ஏறும்வரை என் கை நடுங்கியது. யாராவது வழி விட்டார்களா என்று நான் கவனிக்கவில்லை. புதுச்சத்திரத்தில் டீ குடிக்கலாம் என்று தோன்றியது, யாரையும் கேட்காமல் ஓரம் கட்டினேன்.

மறுநாள் வகுப்பில் மாணவிகளிடம் மூன்று கேள்விகள் எழுதிவரச் சொன்னேன். உங்கள் வீட்டு வண்டி யார் பணத்தில் வந்தது? யார் பெயரில் இருக்கிறது? சாவி எங்கே மாட்டியிருக்கிறது? பதில் எழுத ஆரம்பித்தபோது அவர்களுக்குள் ஒரு சிரிப்பு கிளம்பியது. மூன்றாவது கேள்வியில் அது நின்றுவிட்டது.