ஒரு இறாத்தல் பாணும் ஒரு ரீம் கடதாசியும்

ஆங்கிலப் பாடத்தில் ‘கலெக்டிவ் நவுன்ஸ்’ என்றொரு பட்டியல் வரும். அ பன்ச் ஒஃப் கீஸ், அ லோஃப் ஒஃப் பிரெட், அ ரீம் ஒஃப் பேப்பர், அ ப்ரைட் ஒஃப் லயன்ஸ்... பிள்ளைகள் இரவிரவாக மனனம் செய்வார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் பாதி மறந்துவிடும். "சேர், இதுக்கெல்லாம் ஒரு விதி இல்லையா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

விதி இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை மறக்காது.

முதலில் பாணை எடுப்போம். பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாஃப்’ என்பதுதான் பாணுக்குரிய சொல். ‘பிரெட்’ என்றால் வெறும் துண்டு. காலப்போக்கில் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. பிரெட் உணவின் பெயரானது, லோஃப் முழுப் பாண் ஒன்றைக் குறிக்கும் சொல்லானது. ‘லோர்ட்’ என்ற சொல்லும் இந்த ஹ்லாஃபில் இருந்தே வந்தது. பாணைக் காப்பவன் என்பது அதன் மூலப் பொருள். ‘லேடி’ என்றால் பாணுக்கு மா பிசைபவள். ஒரு வீட்டில் யார் பெரியவர் என்பதை அன்று பாணை வைத்தே சொல்லியிருக்கிறார்கள்!

பாண் விற்பனையை அரசும் சும்மா விடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்தில் பாணுக்கும் மதுவுக்கும் ஒரு சட்டம் வந்தது. பாணின் விலை மாறாது, கோதுமை விலைக்கேற்ப அதன் நிறைதான் மாறும். நிறை குறைந்தால் பேக்கரிக்காரருக்குத் தண்டனை. அந்தப் பயத்தில் 12 கேட்டவருக்கு 13 கொடுத்தார்கள், அதனால்தான் 13ஐ ‘பேக்கர்ஸ் டசின்’ என்கிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

இனி நம் வாயில் உள்ள சொல்லைப் பாருங்கள். கடையில் நாம் கேட்பது ‘ஒரு இறாத்தல் பாண்’. இறாத்தல் என்பது ஒரு நிறை. அரபியில் ‘ரத்ல்’, போர்த்துக்கேயத்தில் ‘அர்ராத்தல்’. ‘பாண்’ என்பதும் போர்த்துக்கேயச் சொல்தான். இன்று கிலோகிராம் வந்துவிட்டது, இறாத்தல் கணக்கு தராசில் இல்லை. ஆனாலும் லோஃப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக அது நம் வாயில் உயிரோடு இருக்கிறது. 450 கிராம் பாண் என்கிறோமே, அது ஏறத்தாழ அந்தப் பழைய ஒரு இறாத்தல்தான்.

அடுத்தது கடதாசி. வினாத்தாள் அச்சிட நாம் வாங்கும் பெக்கட்டில் 500 தாள் இருக்கும். அதுதான் ஒரு ரீம். முன்பு 24 தாள் ஒரு ‘குவாயர்’, 20 குவாயர் ஒரு ரீம், மொத்தம் 480 தாள். இந்த ‘ரீம்’ ஆங்கிலத்தில் பிறந்த சொல் அல்ல. அரபியில் ‘ரிஸ்மா’ என்றால் கட்டு. ஸ்பெயின் நாட்டின் ஷாதிபா நகரம் முஸ்லிம்களின் ஆட்சியில் கடதாசிக்குப் பெயர் பெற்றிருந்தது. 12ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் அல்-இத்ரீஸி அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ரிஸ்மா ஸ்பானிய மொழியில் ‘ரெஸ்மா’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘ரீம்’ ஆனது. இங்கிலாந்தில் முதல் கடதாசி ஆலையை ஜோன் டேட் என்பவர் 1490களில்தான் நடத்தினார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ரீம் என்ற சொல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அதாவது, கட்டோடு சேர்ந்து கட்டின் பெயரும் கப்பலேறி வந்திருக்கிறது.

வாழைப்பழத்தையும் பாருங்கள். நாம் ‘சீப்பு’ என்கிறோம். அதைச் சீப்பாகவும் பழங்களை அதன் பற்களாகவும் கண்டிருக்கிறோம். ஆங்கில வணிகர்கள் ‘ஹேண்ட்’ என்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு கை, ஒவ்வொரு பழமும் ஒரு விரல். நம்முடைய குலை அவர்களுக்குப் ‘பன்ச்’.

இவையெல்லாம் பொருளைத் தூக்கியவர்கள், நிறுத்தவர்கள், கட்டியவர்கள் உண்டாக்கிய சொற்கள்.

ஆனால் சிங்கக் கூட்டத்துக்கு ‘ப்ரைட்’, காகக் கூட்டத்துக்கு ‘மர்டர்’ என்பவை வேறு இடத்தில் இருந்து வந்தவை. 1486இல் இங்கிலாந்தின் சென்ட் ஓல்பன்ஸ் நகரில் வேட்டை, வல்லூறு வளர்ப்பு, குலச் சின்னங்கள் பற்றி ஒரு நூல் அச்சானது. அதை அச்சிட்டவரின் பெயர் இன்றும் தெரியாது, ஒரு பாடசாலை ஆசிரியர் என்று மட்டும் தெரியும். அதில் 160க்கும் மேற்பட்ட கூட்டப் பெயர்கள் உள்ளன. சில வெறும் நையாண்டி: சமையற்காரர் கூட்டத்துக்கு ‘அவசரம்’, செருப்புத் தைப்பவர்களுக்கு ‘குடிவெறி’! உயர்குடியினரை மற்றவர்களிடமிருந்து எப்படி இனங்காண்பது என்பதையும் அந்த நூல் வெளிப்படையாகவே பேசுகிறது. சரியான சொல் தெரிந்தவன் கனவான். தெரியாதவன் வெளியாள்.

நம் நாட்டில் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்பார்கள். சிங்களத்தில் வாள் என்று பொருள். 1486இலேயே அந்த மொழி பேசியவர்களுக்குள்ளும் ஒரு சிறிய வாள் இருந்திருக்கிறது.

அதனால் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘மர்டர் ஒஃப் க்ரோஸ்’ தெரியாத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தாதீர்கள். ஆங்கிலேயரே அதை அன்றாடப் பேச்சில் தேடுவதில்லை. லோஃப், ரீம், டசின், பன்ச் ஆகியவை கடைக்கும் அலுவலகத்துக்கும் தேவைப்படும் சொற்கள். அவற்றை முதலில் கொடுங்கள். பாண், வாழைப்பழம், திறப்புக் கோர்வை என்று கையில் காட்டிக் கொடுங்கள். சிங்கமும் காகமும் பிறகு வேடிக்கையாக வரட்டும்.

பெற்றோரே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். சீப்பு, கட்டு, பிடி, கூறு, கோர்வை என்று நாம் சொல்வதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆங்கிலச் சொல்லைச் சேர்ப்பது எங்கள் வேலை.

உங்கள் ஊரில் மீனுக்கும் கீரைக்கும் வெற்றிலைக்கும் என்ன சொல் வழங்குகிறது? கீழே எழுதுங்கள். வகுப்பில் பயன்படும்.